செருப்புக்குத் தண்ணீர், செடிக்குச் சூடு

தொட்டிக்காரர் என்றால் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். அவர் வைத்திருந்தது என்னவோ செடி விற்கும் நர்சரிதான். ஆனால் அங்கே செடியைவிடத் தொட்டிதான் அதிகம் போணியானது, அதனால் பெயரும் அப்படியே நின்றுவிட்டது. செடி விஷயமெல்லாம் அவர் மனைவியின் இலாகா. எது துளிர்க்கும், எது அழுகும், எந்த வாடிக்கையாளர் எந்தச் செடியை எவ்வளவு சீக்கிரம் சாகடிப்பார் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. வண்டி பிடிப்பது, ஆபீசுக்கு அலைவது, ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது ஆகிய மூன்றும் தொட்டிக்காரரின் இலாகா. அத்திக் குச்சிகளை வாங்கி வர அவர் போனது அதனால்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சினியின் வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரு அத்தி மரம் நின்றது. மனைவி தங்கையைப் பார்க்கப் போனபோது அதன் பழத்தைத் தின்றுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து இங்கே எந்தப் பழத்தை நறுக்கிக் கொடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. பிறகு அந்த வீட்டுக்காரனுக்குக் கார் வாங்கும் ஆசை வந்தது. காருக்கு ஷெட் வேண்டும், ஷெட்டுக்கு இடம் வேண்டும், இடத்தில் மரம் நிற்கிறது. வெட்டுவதற்கு முந்தின நாள் மச்சினி நல்ல கிளைகளாகப் பார்த்து முழ நீளத்துக்கு நறுக்கி, ஈரப் பாசியில் சுற்றி, அந்த ஊர் ஆபீசில் நோயில்லை என்று சான்றிதழும் வாங்கி அனுப்பிவைத்தாள். உலகத்தில் அந்த மரத்துக்கு இனி வாரிசு என்று இருந்தால் அந்தக் கட்டுதான்.

"உயிரோட கொண்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் மனைவி. கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

வெளிநாட்டிலிருந்து வரும் செடி கொடிகளை நேராக வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பூச்சியும் நோயும் கூடவே வந்து ஊர்ப் பயிர்களை அழித்துவிடும் என்பதால் தாவரத் தடுப்புக் காப்பு நிலையத்தில் இறக்கிச் சோதிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் அதைச் 'செடி ஜெயில்' என்று சொல்வார்கள்.

வாசலில் ஒரு தகரத் தட்டு கிடந்தது. உள்ளே போகிறவர்கள் அதில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டும். மருந்து தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் காய்ந்த தட்டில் மிதித்தால் போதும் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். தொட்டிக்காரர் மிதிக்கப் போகும்போது காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"செருப்புல மண்ணு இருக்கே."

"நர்சரி வச்சிருக்கேங்க. மண்ணு இல்லாம இருக்குமா?"

"மண்ணு உள்ள போகக் கூடாது."

"இது நம்ம ஊரு மண்ணுதாங்க. இதோ இந்த ரோட்டு மண்ணு."

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் அது நம்ம ஊரு மண்ணு. இந்தப் பக்கம் வந்துட்டா வெளியிலேர்ந்து வந்த மண்ணு. கழட்டுங்க."

செருப்பு கழன்று, ஒரு பிளாஸ்டிக் பையில் விழுந்து, பையின் வாயில் அரக்கு முத்திரை குத்தப்பட்டது. ஒரு வருடம் தடுப்புக் காப்பு என்றார் காவலாளி. பிறகு காலையில் என்ன பழம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கொய்யா என்றார் தொட்டிக்காரர்.

"விதையோடயா?"

"கொய்யாவுல விதைய எடுத்துட்டு யாருங்க சாப்பிடுவாங்க?"

காவலாளி கொஞ்ச நேரம் அவருடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போங்க. ஆனா இங்க பாத்ரூம் பக்கம் போகாதீங்க," என்றார். இவ்வளவு கெடுபிடி நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மதில் இடிந்து கிடந்த இடத்தின் வழியாக நிலையத்து ஊழியர்கள் டீக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவர்கள் செருப்பில் இருந்தது சேறு. வாசல் வழியாக வராததால் அதற்கு விதி கிடையாது.

செடிப் பிரிவு அதிகாரி ஒரு அம்மா. கையுறை மாட்டிக்கொண்டு, பாசியை விலக்கி, பூதக்கண்ணாடியில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொட்டிக்காரரையும் அதே கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது என்ன?"

"அத்திச் செடிங்க மேடம்."

"இலை இல்லையே."

"இலை இல்லாம தூங்குற நிலையிலதான் கொண்டு வரணும்னு நீங்க கொடுத்த அனுமதிச் சீட்டுலயே போட்டிருக்கு மேடம்."

"அது சரி. தூங்குதா, செத்துப் போச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? உயிர் இருந்தாத்தான் செடி. இல்லன்னா இது கட்டை. கட்டை என் பிரிவுல வராது."

"நகத்தால லேசா கீறிப் பாத்தா உள்ள பச்சை தெரியும்னு வீட்டுல சொல்வாங்க."

"கீறினா காயம். காயம்பட்ட செடியை உள்ள விட முடியாது."

"அப்ப துளிர்க்கிற வரைக்கும் வச்சிருந்து பாருங்க."

"துளிர்த்தா இலை வந்துடும். இலை வந்தா அனுமதிச் சீட்டுக்கு விரோதம். எரிச்சுடணும்," என்றார் அந்த அம்மா. குரலில் கடுமையே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் ஒரு எறும்பு நடந்தது. அந்த அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மணி அடித்தது, ஜன்னல்கள் சாத்தப்பட்டன, பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வலையோடு வந்தார்கள். எறும்பு குச்சிக் கட்டிலிருந்து வந்த வெளிநாட்டு எறும்பா, உள்ளூர் எறும்பா என்று அரை மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் ஒருவர் அதை அதன் போக்கில் விட்டுப் பார்க்கலாம் என்றார். எறும்பு மேஜைக் காலில் இறங்கி, சுவர் ஓரமாகவே நடந்து, பீரோவைச் சுற்றி, எங்கும் தயங்காமல் அந்த அம்மாவின் சர்க்கரை டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது.

"வழி தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளுதான்," என்று பதிவு செய்துகொண்டு எல்லோரும் கலைந்தார்கள். எறும்புக்கு உடனே அனுமதி கிடைத்ததில் தொட்டிக்காரருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குச்சிக் கட்டு மரக்கட்டைப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்த அதிகாரி பருத்த, சிரித்த முகக்காரர். குச்சியை மேஜையில் தட்டிப் பார்த்து, "நல்ல காய்ஞ்ச சத்தம்," என்றார். வெளிநாட்டிலிருந்து சாமான் வரும் மரப்பெட்டிகளில் வண்டு இருக்கும் என்று அவற்றைப் போட்டுச் சுடவைக்க அவரிடம் ஒரு சூட்டறை இருந்தது. அந்த அறைமேல் அவருக்கு ஒரு தகப்பனின் பாசம்.

"ஒரு கவலையும் படாதீங்க. சாயந்தரம் உள்ள வச்சா காலைல எடுத்துட்டுப் போகலாம். ஒரு பூச்சி, ஒரு பூஞ்சை மிஞ்சாது."

"செடி மிஞ்சுமா சார்?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பெட்டியும் அவரிடம் கேட்டதில்லை. "அது செடிப் பிரிவைத்தான் கேக்கணும்," என்றார்.

இரண்டு பிரிவும் மோதினால் மேலே போக வேண்டும். மேலே என்பது மாடியில் இருந்த நிலையத் தலைவரின் அறை. அந்த அறைக்குள் நுழைந்ததும் தொட்டிக்காரரின் கண்ணில் பட்டது மேஜை ஓரத்தில் ஒரு தொட்டி. (நல்ல தொட்டி, அடியில் ஓட்டை சரியாக விட்டிருந்தார்கள்.) அதில் ஒரு குரோட்டன்ஸ் கோப்புகளின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் தண்டு முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. தொட்டிக்காரருக்கே அது தெரிந்தது என்றால் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"வெள்ளைப் புள்ளி ரகம்," என்றார் தலைவர் பெருமையாக, அவர் பார்வையைக் கவனித்துவிட்டு. "வாங்கும்போது பச்சையாத்தான் இருந்துச்சு. இங்க வந்துதான் இப்படி அழகாச்சு."

மச்சினி, மரம், கார் ஷெட் எல்லாவற்றையும் தொட்டிக்காரர் சொன்னார். வெறுங்காலோடு நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினார்.

"இந்த நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு நோய்கூட இந்த வாசலைத் தாண்டினதில்லை. எப்படின்னு பல நாட்டுலேர்ந்து வந்து கேக்குறாங்க. ரகசியமே இல்லை. ஒரு செடிகூடத் தாண்டினதில்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க, செத்த செடிக்குச் சீக்கு வருமா? வராது. எல்லாச் சீக்குக்கும் மூல காரணம் உயிர்தான். அதை மட்டும் எடுத்துட்டா மீதி எல்லாத்தையும் நாங்க சந்தோஷமா அனுமதிக்கிறோம்."

கூடவே மாடிக்கு வந்திருந்த செடிப் பிரிவு அம்மா தலையாட்டினார். மரக்கட்டைப் பிரிவுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருந்தாலும் நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்லை," என்றார் தலைவர். "ஒரு வாரம் இந்த அறையிலேயே என் கண்ணு முன்னால இருக்கட்டும். துளிர்த்தா அது செடி. செடிப் பிரிவு எரிச்சுடும். துளிர்க்கலன்னா கட்டை. சூட்டறைக்குப் போகட்டும். ரெண்டு பேருக்கும் நியாயம்."

"கொஞ்சம் தண்ணியாவது தெளிப்பீங்களா சார்?"

"தண்ணி தெளிச்சா துளிர்க்கச் சொல்லித் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும். நாங்க நடுநிலையா இருக்கணும்." அப்படிச் சொல்லும்போதே குரோட்டன்ஸ் இன்னும் கொஞ்சம் சரிந்து அவருடைய டீக்குள் இலையை விட்டது. தலைவர் எரிச்சலோடு பியூனைக் கூப்பிட்டார். "எத்தனை தடவை சொல்றது? ஒரு குச்சியை வச்சு இதுக்கு முட்டுக் கொடுய்யா." பியூன் குச்சிக்கு எங்கே போவது என்று தலையைச் சொறிந்துகொண்டே, மிச்சமிருந்த டீயை வழக்கம்போலத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அந்த ஒரு வாரமும் தொட்டிக்காரருக்கு என்னவென்று வேண்டிக்கொள்வது என்றே புரியவில்லை. துளிர்க்க வேண்டும் என்று வேண்டினால் எரிப்பார்கள், துளிர்க்கக் கூடாது என்று வேண்டினால் சுடுவார்கள். மனைவியிடம் "பாத்துட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அடுத்த வாரம் கட்டு கைக்கு வந்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. "எடை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரியும். ஈரம் போனதுதான்," என்றார் மரக்கட்டைப் பிரிவுக்காரர். கூடவே ஒரு சான்றிதழ்: இதில் பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, புழு இல்லை, எந்த நாட்டுக்கும் எடுத்துச் செல்லலாம், எந்த மண்ணிலும் நடலாம். தலைவர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

வீட்டில் மனைவி தொட்டிகளில் மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, நிழலில் வரிசையாக வைத்திருந்தாள். கட்டைப் பிரித்து முதல் குச்சியைக் கட்டைவிரல் நகத்தால் கீறினாள். உள்ளே பழுப்பு. அடுத்ததைக் கீறினாள். ஒவ்வொன்றாகக் கடைசிவரை கீறினாள், நடுவில் நிறுத்தவில்லை.

"வெந்திருக்கு," என்றாள். 

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டுக்கு அவரிடம் முப்பது வருடப் பழக்கம் இருந்தது. அவளோ மண் நிரப்பிய தொட்டிகளில் துளசியையும் ரோஜாவையும் வைத்துக்கொண்டிருந்தாள். வெந்த குச்சிகளை எறியவும் மனம் வராமல் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்தார். சான்றிதழைப் பரணில் போட்டார்.

வருடம் திரும்பியபோது தபாலில் ஒரு அட்டை வந்தது. 'தங்கள் காலணி தடுப்புக் காப்புக் காலத்தை நல்லபடியாக முடித்துள்ளது. நேரில் வந்து அழைத்துச் செல்லவும்.'

போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அழைத்துச் செல்லவும் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு விட்டுவிட மனம் கேட்கவில்லை. போனார். செடிப் பிரிவு அம்மா அவரைப் பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளிநாட்டுச் செடிகளை வைத்துப் பார்க்க வேண்டிய கண்ணாடி வீடு அது. செடி எதுவும் அவ்வளவு தூரம் வந்து சேராததால் அதன் நடுவில், வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல், அவருடைய செருப்பு இரண்டும் தனியாக வீற்றிருந்தன. மேலே நீர்த்தெளிப்பான் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது.

"மூணு வேளையும் தண்ணி. வாரம் ஒரு தடவை உரம்," என்றார் அந்த அம்மா. "மண்ணுல என்ன விதை இருக்குன்னு முளைக்க விட்டுப் பாக்கணும் இல்லையா? பாருங்க, இடது காலு எவ்வளவு நல்லா வந்திருக்கு." இடது செருப்பின் குதிகாலில் ஒரு குப்பைக்கீரை செழிப்பாக வளர்ந்து பூத்திருந்தது. 

செருப்புக்குத் தண்ணீர், என் செடிக்குச் சூடா என்று கேட்கத் தொட்டிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா கீரையை அவ்வளவு பாசமாகத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவரிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டார்.

செருப்பு வெளியே போகத் தலைவர் கையெழுத்து வேண்டும். மாடிக்குப் போனார்.

தலைவரின் மேஜை ஓரத்தில் அதே தொட்டி. அதில் ஒரு மரம் நின்றது. ஜன்னலை மறைத்து, மின்விசிறியைத் தொடும் உயரத்துக்குக் கிளை கிளையாக, உள்ளங்கையை விரித்ததுபோல அகல அகலமான இலைகள். அடியில் குரோட்டன்ஸ் இருந்ததற்கு அடையாளமாக ஒரு காய்ந்த காம்பும் ஒரு சணல் கயிறும் மிச்சமிருந்தன. தொட்டிக்காரருக்குச் செடியைப் பற்றித் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அத்தி இலை எப்படி இருக்கும் என்று மனைவி கடைப் பலகையில் வரைந்து வைத்துவிட்டு, ஒரு வருடமாக அழிக்காமலும் வைத்திருந்தாள். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் கடைக்குள் போய்வந்தார்.

"என் குரோட்டன்ஸைப் பாத்தீங்களா?" என்றார் தலைவர். "சாகக் கிடந்தது. இந்த நிலையத்துக் காத்து பட்டுத் தேறி, இலையவே மாத்திக்கிச்சு. குரோட்டன்ஸ்ல ஆயிரம் ரகம் உண்டு இல்லையா? இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன்."

"நான்தான் சார் அன்னைக்கு முட்டுக் கொடுத்தேன்," என்றார் டீ கொண்டுவந்த பியூன். "பீரோ மேல ஒரு குச்சிக் கட்டு கிடந்துச்சு. அதுலேர்ந்து ஒண்ணு உருவிச் சொருகுனேன். அதுக்கப்புறம்தான் நிமிர்ந்துச்சு." 

தொட்டிக்காரர் வாயைத் திறந்தார். இது என் அத்தி என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அந்த ஒரு கணத்தில் அவருக்கு வரிசையாகத் தெரிந்தது: மணி அடிக்கும், ஜன்னலைச் சாத்துவார்கள், வலையோடு ஆள் வரும், அந்த அம்மா "இலை இருக்கே" என்பார், கீழே தீக்குச்சி உரசுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த ஆபீசில் வாயை மூடுகிற பிள்ளைதான் பிழைக்கும் என்று அவருக்கு ஒரு வருடம் கழித்துப் புரிந்தது.

"அருமையான குரோட்டன்ஸ் சார்," என்றார். "ஆனா விசிறியில இடிக்குது. கொஞ்சம் கவாத்து பண்ணிவிட்டா இன்னும் நல்லா அடர்த்தியா வரும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தொட்டி விக்கிறவன் சார். சும்மாவே வெட்டித் தரேன்."

தலைவருக்கு மிகவும் திருப்தி. தொட்டிக்காரர் முழ நீளத்துக்கு, முற்றின கிளைகளாகப் பார்த்து வெட்டினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைவர், இலையும் கிளையுமாகத் தரையில் விழுவதைக் கண்டு, "இதையெல்லாம் என்ன செய்யறது?" என்றார்.

"குப்பைங்க சார். போற வழியில நானே போட்டுடறேன்."

"பொறுப்பான ஆளு," என்று பியூனிடம் சொன்னார் தலைவர். ஒரு பழைய சாக்கைக் கொடுக்கச் சொன்னார்.

வாசலில் அதே காவலாளி. செருப்பைத் தலை முதல் கால்வரை பார்த்தார், வெளியே போகும் சீட்டின் முத்திரையைப் பார்த்தார், தலைவரின் கையெழுத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இடது செருப்பிலிருந்த கீரையை வேரோடு பிடுங்கி வைத்துக்கொண்டார், அது நிலையத்தில் பிறந்ததால் நிலையத்துக்குச் சொந்தமாம். கடைசியாகத்தான் சாக்கைக் கவனித்தார். தொட்டிக்காரர் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன?"

"குப்பை."

"உள்ளேயிருந்து வெளிய போறதுதானே? எங்களுக்கு வர்றதுதான் கணக்கு. போங்க," என்றார் காவலாளி. பிறகு திரும்பக் கூப்பிட்டார். "ஹலோ, தட்டுல மிதிச்சுட்டுப் போங்க."

தொட்டிக்காரர் காய்ந்த தட்டில் இரண்டு காலையும் நன்றாக அழுத்தி மிதித்துவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரை ஓடவில்லை. திரும்பியதும் ஓடினார்.

மனைவி கடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாக்கை அவள் காலடியில் கொட்டினார். அவள் அவரையும் பார்த்தாள், பலகையில் தான் வரைந்த இலையையும் பார்த்தாள், குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் மெதுவாகக் கீறினாள். உள்ளே பச்சை. கீறின இடத்திலிருந்து ஒரு சொட்டுப் பால் கசிந்து அவள் விரலில் இறங்கியது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னார். முட்டுக் கொடுத்தது, டீ ஊற்றினது, கட்டுரை, கவாத்து, சாக்கு எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டுவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள், "இதைப் போன வருஷமே குப்பைன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"